முழுப் பொருத்தமா, பாதிப் பொருத்தமா?

ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களின் தானத்துக்கு நோயாளியின் உடன்பிறந்தவரைத்தான் முதலில் சோதிப்பார்கள். எது நம் செல், எது அந்நியம் என்று உடலுக்கு அடையாளம் காட்ட உதவும், ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ மரபணுக்கள் அப்படியே ஒத்துப்போக நான்கில் ஒரு வாய்ப்புதான். ஒத்துப்போனால், தானமாக வந்த டி செல்கள் (நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) நோயாளியின் உடலோடு மல்லுக்கு நிற்பது குறையும். கிடைத்தால் என் ஓட்டு இதற்கே.

இல்லையா? சரி, பெற்றோர், பிள்ளைகள் இருக்கிறார்கள். குறைந்தது பாதி பொருந்தும். சிக்கல் மீதிப் பாதியில். செல்களை ஏற்றிய 3, 4-ஆம் நாட்களில் பெரும்பாலும் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைக் கொடுத்து, தாறுமாறாகப் பெருகும் டி செல்களை ஒடுக்குகிறார்கள். அதனால் எதிர்ப்புச் சக்தி மெதுவாகத்தான் தேறும்; உடலுக்குள் உறங்கிக் கிடந்த சிஎம்வி வைரஸ் அந்த இடைவெளியில் தலைதூக்கலாம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சில வாரங்களில் ஏறிவிடும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. டி செல்கள் மீள ஒரு வருடம்கூட ஆகலாம்.