சுமோ: தள்ளலா, கச்சைப் பிடியா?

ஜப்பானிய மல்யுத்தமான சுமோவில், 4.55 மீட்டர் விட்டமுள்ள மண் வட்டத்துக்குள் வெல்ல இரண்டு பாணிகள். கச்சையைத் தொடாமல் தள்ளியே வெளியேற்றுவது ஒஷி. மவாஷி எனும் இடுப்புக் கச்சையைப் பற்றி மல்லுக்கட்டுவது யொத்சு.

தள்ளுபவருக்கு முதல் மோதல்தான் உயிர். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, உள்ளங்கையை எதிராளியின் அக்குளிலோ மார்பிலோ பதித்துக் கீழிருந்து மேலாகத் தள்ள வேண்டும். முழங்கை விரிந்தால் அந்த இடைவெளியில் அவர் கை நுழைந்து கச்சையைப் பற்றிவிடும். காலை முந்திக்கொண்டு தலை போனால் இன்னும் மோசம்: அவர் சட்டென விலகி முதுகில் ஒரு தட்டு தட்டினால் குப்புற விழ வேண்டியதுதான். இதற்கு ஹதாகிகோமி என்று பெயர். பாதத்தை மண்ணில் தேய்த்தே நகரப் பழக்குவது இதனால்தான்.

பிடி ஆட்டத்தில் வலது கை எதிராளியின் அக்குளுக்கடியில், இடது கை அவர் கைக்கு வெளியே கச்சையில் இருந்தால் அது மிகி-யொத்சு. 45 முறை பட்டம் வென்ற ஹகுஹோவின் பலமே இதுதான். இடுப்பைத் தாழ்த்தி, மார்போடு மார்பு ஒட்டி எதிராளியை நகர்த்தி வெளியேற்றினால் யோரிகிரி. நம் இடுப்பு உயர்ந்தால் எதிராளி தூக்கி எறிந்துவிடுவார்.

நெடிய உடலும் நீண்ட கையும் கொண்ட அகெபோனோ தள்ளியே 1993இல் சுமோவின் உச்ச நிலையான யோகொசுனா ஆனார். ஆனாலும் என் ஓட்டு பிடிக்கே. தள்ளல் தடைபட்டால் ஆட்டம் அங்கேயே திணறும். கச்சை கையில் இருந்தால் நின்று மூச்சுவிட்டு அடுத்ததை யோசிக்கலாம்.