ஒரே டாங்கி, இரண்டு விதமான அழுக்கு: ஆயிலா, அக்ரிலிக்கா?

என் மேசைக்கு மேலே உள்ள தட்டில் இரண்டு டி-34-85 டாங்கி மாடல்கள் (இரண்டாம் உலகப் போரின் சோவியத் டாங்கி) அருகருகே நிற்கின்றன. இரண்டும் 1/35 அளவு, ஒரே கிட், ஒரே பச்சை. முதலாவதற்கு வெதரிங், அதாவது அழுக்கும் தேய்மானமும் ஏற்றும் வேலை, முழுக்க அக்ரிலிக்கில் செய்தேன். இரண்டாவதற்கு ஓவியர்கள் கான்வாஸில் தீட்டும் ஆயில் பெயின்ட். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று திட்டம் போட்டு உட்காரவில்லை. முதலாவதைச் சொதப்பியதால்தான் இரண்டாவதை வாங்கினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்ப்பது எப்போதும் இரண்டாவதைத்தான். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

ஒட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டி-34 நல்ல பிள்ளை. பக்கத்துக்கு 5 பெரிய சக்கரம், மேலே செயினைத் தாங்கும் ரோலர் எதுவும் கிடையாது, செயின் நேராகச் சக்கரங்களின் மீதே தொய்ந்து கிடக்கும். பீரங்கி பொருத்திய மேல்பாகமான டரட் மட்டும் வார்ப்பு இரும்பு போலச் சொரசொரப்பாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் சிமென்டை (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை) தடவி, மேற்பரப்பு இளகியதும் பழைய டூத் பிரஷால் குத்திவிட்டால் போதும். அப்புறம் பச்சை. டாமியா அக்ரிலிக்கின் அடர் பச்சையில் கொஞ்சம் அடர் மஞ்சளைக் கலந்து வெளிறச் செய்தேன். நிஜ டாங்கியின் நிறத்தை அப்படியே 23 சென்டிமீட்டர் மாடலில் அடித்தால் கறுத்துத் தெரியும்.

இரண்டையுமே 1945 ஏப்ரலில் பெர்லினுக்குள் நுழைந்த டாங்கிகளாகத்தான் நினைத்துச் செய்தேன். தங்கள் பக்கத்து விமானங்களே குண்டு போட்டுவிடக் கூடாது என்று டரட்டைச் சுற்றி வெள்ளைப் பட்டை அடித்திருந்தார்களே, அந்த டாங்கிகள். அங்கே கிராமத்துச் சேற்றைவிட இடிந்த கட்டடங்களின் செங்கல் தூளும் சுண்ணாம்புத் தூளும்தான் அதிகம். இது பின்னால் வேண்டியிருக்கும்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். அக்ரிலிக் தண்ணீரில் கரையும், நாற்றம் கிடையாது, சீக்கிரம் காயும், பிரஷைக் குழாயடியில் கழுவிவிடலாம். ஆயிலுக்கு டர்பன்டைன் வேண்டும், அறை முழுக்க வாடை, காய ஒன்றிரண்டு நாள். குழந்தைகள் தூங்கும் அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் என்றால் இந்த இடத்திலேயே முடிவெடுத்துவிடலாம். நான் பால்கனிக்குக் குடிபெயர்ந்தேன். செலவைப் பார்த்தால் ஆயில்தான் மலிவு. கேம்லினின் 9 மில்லி டியூப்கள் நாலைந்து வாங்கினேன். ஒரு முழு டாங்கியை முடித்தும் ஒரு டியூப்கூடப் பாதி தீரவில்லை. வாஷ் (இடுக்குகளில் ஓடி நிற்கும் நீர்த்த பெயின்ட்) என்று குப்பியில் கலந்து விற்பதை வாங்கினால் ஒரு குப்பிக்குக் கொடுக்கும் பணத்தில் இந்த டியூப்கள் எல்லாமே வந்துவிடும்.

இதெல்லாம் சில்லறை விஷயம். என்னை ஆயில் பக்கம் தள்ளியது வேறு: போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா, முடியாதா?

வெதரிங் என்றால் அழுக்கைப் பூசுவது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் வேலையில் முக்கால்வாசி, பூசியதைத் துடைப்பது. மழை கழுவிய இடம், சிப்பாய்களின் பூட்ஸ் உரசிய இடம், கை பட்டுப் பட்டு வழுவழுப்பான கைப்பிடிக் கம்பி, இதெல்லாம் எடுத்து எடுத்துத்தான் வரும். எடுப்பதற்கு அவகாசம் வேண்டும். அக்ரிலிக் அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

முதல் டாங்கியில் நடந்தது இதுதான். மே மாதம், மத்தியானம், தலைக்கு மேல் ஃபேன். அடர் பழுப்பு அக்ரிலிக்கைத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, முன் சாய்வுத் தகட்டில் தடவினேன். டிரைவர் மூடியைச் சுற்றிச் சரியாகத்தான் ஓடியது. அடுத்த மூலைக்குப் போய்த் திரும்பிப் பார்ப்பதற்குள் தகட்டின் நடுவில் டம்ளர் வைத்த இடத்தில் காபி காய்ந்தது மாதிரி ஒரு வளையம். ஈரப் பிரஷால் தேய்த்தேன். நடு மட்டும் வந்தது, விளிம்பு வரவில்லை. அந்த விளிம்பை மறைக்க இன்னொரு பூச்சு. அது இன்னொரு வளையம்.

அப்போது செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. கைக்குப் போடும் சானிடைசரைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். வளையம் போயிற்று. கூடவே பச்சையும் போயிற்று, கீழே இருந்த சாம்பல் பிரைமர் பல்லை இளித்தது. டாமியா அக்ரிலிக்கைக் கரைப்பது ஆல்கஹால்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல, பதற்றத்தில் மறந்துவிட்டது. காய்ந்த அக்ரிலிக்கை எடுக்கக் கூடிய எதுவும் அடியில் இருக்கும் அக்ரிலிக்கையும் சேர்த்தே எடுக்கும்.

ஆயிலில் இந்தச் சிக்கல் இல்லை. டர்பன்டைன் ஆயிலைக் கரைக்கும், நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கைத் தொடாது. அடியில் அக்ரிலிக் பச்சை, அதன் மேல் பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷ் ஒரு பூச்சு, அதற்கும் மேலேதான் ஆயில். பிடிக்கவில்லையா, டர்பன்டைனில் நனைத்த பிரஷால் இழுத்தால் பழையபடி சுத்தம். ராத்திரி 9 மணிக்குப் போட்டது சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது, 11 மணிக்குத் துடைத்தேன். அக்ரிலிக்கில் இதை யோசிக்கவே முடியாது.

செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். டியூபிலிருந்து நேராக எடுக்கக் கூடாது. ஒரு அட்டைத் துண்டில் பட்டாணி அளவு பிதுக்கி ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். ஆளி எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், சுற்றிலும் எண்ணெய்ப் பலகாரம் வைத்த காகிதம் மாதிரி ஒரு வட்டம் தெரியும். எண்ணெய் போனால் சீக்கிரம் காயும், மினுமினுப்பும் வராது. ரா அம்பர் என்னும் பழுப்பில் துளி கறுப்பு சேர்த்து, இரண்டாம் டிகாஷன் நிறத்துக்கு வரும்வரை டர்பன்டைன் விடுங்கள். 00 நம்பர் பிரஷின் நுனியால் ஒரு போல்ட்டின் தலையைத் தொட்டால் போதும், அது தானாக ஓடி போல்ட்டைச் சுற்றி நிற்கும். வாஷ் என்று சொன்னாலும் தகடு முழுக்கக் குளிப்பாட்டுவது இல்லை இது. மூடி, கீல், வெல்டிங் கோடு, போல்ட் என்று தொட்டுத் தொட்டுப் போவது.

எனக்கு அதைவிடப் பிடித்தது புள்ளி வைப்பது. வெள்ளை, மஞ்சள் காவி, நீலம், பர்ன்ட் சியன்னா என்று ஊசி நுனி அளவுப் புள்ளிகளைத் தகட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்து, டர்பன்டைனில் நனைத்து ஒற்றி எடுத்த பிரஷால் மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். வைக்கும்போது சின்னப் பிள்ளை கோலப்பொடியோடு விளையாடியது மாதிரி இருக்கும், இழுக்க இழுக்கப் புள்ளிகள் காணாமல் போகும். பச்சை மட்டும் ஓரிடத்தில் வெளிறியும் ஓரிடத்தில் பழுத்தும் நிற்கும். எந்த இடத்தில் எந்த நிறம் போட்டோம் என்று நமக்கே தெரியாது. வெயிலில் நின்ற பெயின்ட் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் தெருமுனையில் பல வருஷமாக நிற்கும் லாரியைப் பார்த்துத்தான் எனக்கே இது புரிந்தது.

டி-34-இன் பக்கவாட்டில் உருளை உருளையாக டீசல் டேங்குகள் இருக்கும். ஆயிலுக்கென்றே வடிவமைத்தது மாதிரியான இடம். மூடியைச் சுற்றிச் சிந்திய டீசல் ஈரக் கறுப்பாக வழிந்து, கீழே போகப் போகப் புழுதியோடு கலந்து மங்க வேண்டும். அட்டையில் எண்ணெய் போகவிடாமல் டியூபிலிருந்து நேராக எடுத்த பர்ன்ட் அம்பரை மூடியடியில் வைத்து இழுத்தேன். எந்த மினுமினுப்பு மற்ற இடத்தில் வேண்டாமென்று விரட்டினோமோ, அதுவே இங்கே நிஜ எண்ணெய்க் கறையாக நின்றது. அக்ரிலிக் டாங்கியில் இதே இடத்துக்குக் கிளாஸ் வார்னிஷ் கலந்து போட்டிருக்கிறேன். சுமார்தான். கறை முடிந்து புழுதி தொடங்கும் இடம் கத்தியால் வெட்டினது போலத் தெரிகிறது.

ஆயிலுக்கு வக்காலத்து வாங்கிவிட்டு அதன் குற்றத்தை மறைப்பது நியாயமில்லை. இரண்டாவது டாங்கியின் அடிப்பாகம் முழுக்கச் சக்கரத்தோடு சேர்த்தே தாராளமாக வாஷ் விட்டேன். மறுநாள் காலையில் எடுத்தபோது இடது பக்கம் மூன்றாவது சக்கரம் கையோடு வந்துவிட்டது. அச்சு வேரோடு முறிந்திருந்தது, வெட்டுவாயில் நூல் நூலாக விரிசல். இறுக்கமாகச் செருகியதால் பிளாஸ்டிக் ஏற்கெனவே விறைத்துக்கொண்டு நிற்கும் இடம் அது. டர்பன்டைன் சந்துக்குள் தேங்கி அங்கே புகுந்தால் பிளாஸ்டிக் பிளந்துவிடும். தண்ணீர் இந்த வேலையைச் செய்யாது. கைத் துளைப்பானால் ஓட்டை போட்டு, 1 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைச் செருகி ஒட்டினேன். அதிலிருந்து சக்கரங்களைத் தனியாக வாஷ் செய்து, காய்ந்த பிறகுதான் மாட்டுகிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. ஹார்டுவேர் கடையில் போய் வெறுமனே தின்னர் என்று கேட்டால் அனேகமாக என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது பெயின்ட்டோடு நிற்காது, பிளாஸ்டிக்கையே கூழாக்கிவிடும். மினரல் டர்பன்டைன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஓவியப் பொருள் கடையில் வாசனை நீக்கிய ஸ்பிரிட் கிடைத்தால் அது இன்னும் உத்தமம், வீட்டிலும் சண்டை வராது.

சரி, அக்ரிலிக்குக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. பெயின்ட் பெயர்ந்த சிராய்ப்புக்கு அதை அடிக்க ஆளில்லை. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துணுக்கைக் கிள்ளி, கருஞ்சாம்பலும் பழுப்பும் கலந்த அக்ரிலிக்கில் தொட்டு, காகிதத்தில் பெரும்பாலானதை ஒற்றி எடுத்துவிட்டு மூடி விளிம்பில் தட்டினால் ஒன்றுக்கொன்று ஒட்டாத பொட்டுகள் விழும். கூராகவும் இருக்க வேண்டும், உடனே காயவும் வேண்டும். இந்த இடத்தில் ஆயில் ஈஷிக்கொள்ளும். டரட்டின் வெள்ளைப் பட்டையும் அக்ரிலிக்தான். பச்சை மேல் ஹேர்ஸ்பிரே, அதன் மேல் வெள்ளை; அரை மணி கழித்து ஈரப் பிரஷால் சுரண்டினால் அடியில் ஹேர்ஸ்பிரே கரைந்து வெள்ளை துண்டு துண்டாகப் பெயரும். பட்டாளத்துக்காரன் அவசரத்தில் வாளியும் பிரஷுமாக அடித்து, காலாட்படை மேலே ஏறி இறங்கித் தேய்ந்த பட்டை அப்படியே வந்தது. இரண்டு டாங்கியிலும் பட்டை இதே முறைதான், இரண்டிலும் நன்றாகவே இருக்கிறது.

பெர்லின் தூளுக்கு இரண்டுமே போதவில்லை. நிஜச் செங்கல்லை உரசித் தூளாக்கித் தூவிப் பார்த்தேன். அரை மில்லிமீட்டர் துகள் 35 மடங்கில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் கல். டாங்கி ஜல்லி லாரி மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் சாக் பாஸ்டல் குச்சிகளை பிளேடால் சுரண்டிய மாவுதான் கைகொடுத்தது: செங்காவி ஒன்று, சுண்ணாம்பு வெள்ளையில் சாம்பல் கலந்தது ஒன்று. மட்கார்டு மூலைகளில் வைத்து ஒரு சொட்டு டர்பன்டைன் விட்டால் ஒட்டி நிற்கும். இங்கும் அளவு மிஞ்சினால் டர்பன்டைனாலேயே வழித்தெடுக்கலாம்.

அக்ரிலிக் பற்றி நான் சொன்னது ஒரு டாங்கியின் அனுபவம், அதுவும் கோடையில், பிரஷால். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரைக் கலந்து பிறகு ஒரு பழைய மூடியில் இரண்டு முறை முயன்றேன். வளையம் குறைந்தது, ஆனால் அவ்வளவை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். ஏர்பிரஷில் கை பழகியவர்கள் மெல்லிய அக்ரிலிக்கைப் புழுதியாகத் தூவி அருமையாக முடித்த டாங்கிகளைப் பார்த்திருக்கிறேன். என் ஏர்பிரஷ் திறமை அடிப்பூச்சோடு நிற்கிறது. குளிர் நாட்டிலோ ஏசி அறையிலோ செய்கிறவருக்கு என் வளையப் பிரச்சினையே வராமலும் இருக்கலாம்.

இப்போது மூன்றாவது கிட் பெட்டியோடு வந்து உட்கார்ந்திருக்கிறது. அடிப்பூச்சும் சிராய்ப்பும் அக்ரிலிக்கில், மற்றதெல்லாம் ஆயிலில், சக்கரங்கள் கடைசியில். முதல் டாங்கியை ஓரங்கட்டவில்லை. சானிடைசர் தின்ற முன் தகட்டின் மேல், டிஷ்யூ பேப்பரைப் பசைத் தண்ணீரில் நனைத்துச் சுருட்டிய தார்ப்பாய் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன். பார்க்கிறவர்கள் அதைத்தான் முதலில் பாராட்டுகிறார்கள். அந்தத் தார்ப்பாயின் மடிப்புகளுக்கு வாஷ் விட்டது மட்டும் ஆயிலில்.