வீட்டு கார் ஷெட்டில் பாவர் ஜூனியர் 2: மெஷின் தங்கம், தண்ணீர்தான் தலைவலி

கடலுக்கடியில் சுவாசிக்க எடுத்துப்போகும் ஸ்கூபா சிலிண்டரை வீட்டிலேயே நிரப்ப நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது மியூனிக் பாவர் நிறுவனத்தின் ஜூனியர் 2 கம்ப்ரசரைத்தான். மூன்று கட்டமாக அழுத்தி, நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்று தரும். 2.2 கிலோவாட் மோட்டார் என்பதால் வீட்டு சிங்கிள் ஃபேஸே போதும். 12 லிட்டர் சிலிண்டரில் 50 பார் (அழுத்த அளவு; ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மிச்சமிருந்தால், 200 பாருக்கு ஏற்ற இன்னும் 150 பார், அதாவது 12 x 150 = 1,800 லிட்டர் காற்று வேண்டும். அதற்கு 18 நிமிடம். நாலு சிலிண்டருக்கு ஒன்றேகால் மணி நேரம். சின்னக் குழுவுக்கு இது தாராளம். டைவ் கடை நடத்தப் போகிறவர் பக்கத்திலேயே போக வேண்டாம்.

225 பார், 330 பார் என்று இரண்டு வகையில் வருகிறது. உங்கள் சிலிண்டர்கள் 207 அல்லது 232 பார் என்றால் 225-ஐ வாங்குங்கள். "பின்னால் உதவும்" என்று 330-ஐ வாங்கினால், அதன் சேஃப்டி வால்வு உங்கள் சிலிண்டரைக் காப்பாற்றாது. அது திறப்பதற்கு முன்பே சிலிண்டர் தன் எல்லையைத் தாண்டியிருக்கும். 225-லும் 207 பார் சிலிண்டர் நிரப்பும்போது கேஜிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

மின்சாரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. தாமிர ஒயர், 20 ஆம்பியர் மெட்டல் சாக்கெட், டி வகை எம்சிபி (மின்சாரம் மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்; டி வகை, ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் ஒரு நொடி கூடுதலாக இழுப்பதைத் தாங்கும்). சி வகை போட்டால் ஸ்டார்ட் ஆகும்போதே விழ வாய்ப்புண்டு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே ஆஃப் செய்யுங்கள். பெரும்பாலும் இரண்டே காரணம்தான்: கோடையில் வோல்டேஜ் இறங்கியிருக்கும், அல்லது முந்தைய ஓட்டத்தின் அழுத்தம் உள்ளே நிற்கும். வடிகால் வால்வுகளைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, வேகம் பிடித்ததும் மூடுவதே சரியான பழக்கம்.

இனி தண்ணீர். வாங்கும்போது யாரும் இதைப் பேசுவதில்லை. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் ஈரம் தாங்கும். சென்னையிலோ புதுச்சேரியிலோ 80 சதவீத ஈரப்பதம் சர்வசாதாரணம். அப்படியானால் 24 கிராம். ஒரு சிலிண்டர் நிரப்பி முடிப்பதற்குள் மெஷின் 40 கிராமுக்கு மேல் தண்ணீரை இழுத்துவிடும். அதில் பெரும்பகுதி, காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டரில் தங்கும். அடிப்படை மாடலில் அதை நாம்தான் கையால் வடிக்க வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை என்பது பொது விதி; நம் கடற்கரைக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்வை மெல்லத் திறந்தால் சீறலோடு பால்போல வெள்ளையாக வரும். எண்ணெயும் தண்ணீரும் கலந்தது அது, பயப்பட வேண்டாம். கறுப்பாகவோ தீய்ந்த வாடையோடோ வந்தால் நிறுத்திவிட்டு எண்ணெயையும் வால்வுகளையும் பாருங்கள். தானாகவே வடித்துக்கொள்ளும் ஆட்டோ டிரெயின் கூடுதல் விலைதான்; ஆனால் காசு போடவேண்டிய இடம் அதுதான்.

செப்பரேட்டரைத் தாண்டி வரும் ஈரத்தை ஃபில்டர் கேட்ரிட்ஜ் பிடிக்கிறது. முதலில் ஈரத்தை உறிஞ்சும் மணிகளான மாலிக்யூலர் சீவ், பிறகு எண்ணெய் ஆவியையும் வாடையையும் பிடிக்கும் ஆக்டிவேட்டட் கார்பன். பெட்ரோல் இன்ஜின் மாடலுக்கு விஷமான கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்றும் ஹாப்கலைட்டும் உண்டு. சீவ் ஈரத்தில் நிறைந்துவிட்டால் ஹாப்கலைட் செத்துவிடும், கார்பனும் பலவீனப்படும். ஃபில்டருக்கு வரும் காற்று 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறினால் ஈரம் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே, கேட்ரிட்ஜின் ஆயுளாக 20 டிகிரிக்குப் போட்ட மணிக்கணக்கை நம் ஊரில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தே எடுக்க வேண்டும். புது கேட்ரிட்ஜை எடை போட்டு அட்டையில் எழுதி வையுங்கள். ஏறும் எடை பெரும்பாலும் தண்ணீர். சீல் உடைத்த கேட்ரிட்ஜ் அலமாரியிலேயே வீணாகிவிடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள்: ஃபில்டருக்குப் பின்னால் பிரஷர் மெயின்டெயினிங் வால்வு வேலை செய்கிறதா? காலி சிலிண்டரை மாட்டினாலும் ஃபில்டருக்குள் அழுத்தம் உயர்ந்தே இருக்க வேண்டும். இல்லையென்றால் குறைந்த அழுத்தத்தில் ஈரக் காற்று விறுவிறுவென்று கேட்ரிட்ஜுக்குள் பாயும். சில சிலிண்டர்களிலேயே அதன் கதை முடியும்.

கார் நிற்கும் இடத்தில் கம்ப்ரசரின் மூக்கு இருக்கக் கூடாது. இன்டேக் குழாயைச் சுவர் வழியே வெளியே எடுத்து, தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேல், ஜெனரேட்டர் புகையும் தின்னர் வாடையும் எட்டாத பக்கம் வையுங்கள். குழாய் நீண்டால் விட்டமும் பெருக வேண்டும். குறுகினால் மெஷின் காற்றுக்கு மூச்சுத் திணறிச் சூடாகும். ஃபேன் காற்று இழுக்கும் பக்கம் சுவரை ஒட்டி வைப்பதும் அதே தப்புதான். ஷட்டரை மூடிக்கொண்டு ஓட்டினால் அரை மணியில் அறை அடுப்பாகிவிடும். அறைச் சூடு 45 டிகிரிக்கு மேல் போனால் ஓட்டவே கூடாது.

எண்ணெய், நிறுவனம் சொன்ன சுவாசக் காற்று கம்ப்ரசர் எண்ணெய் மட்டும். கார் எண்ணெய் ஊற்றினால் அந்தச் சூட்டில் சிதைந்து, அதன் ஆவி நேராக நுரையீரலுக்குப் போகும்.

நிறுவி முடித்ததும் டிராகர் டியூப் கிட்டால் (காற்றில் உள்ள கலப்படத்தை நிற மாற்றத்தால் காட்டும் கண்ணாடிக் குழாய்கள்) காற்றைச் சோதியுங்கள். ஐரோப்பாவின் ஈஎன் 12021 தரப்படி கார்பன் மோனாக்சைடு 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு), கார்பன் டை ஆக்சைடு 500 பிபிஎம், எண்ணெய் ஒரு கன மீட்டருக்கு 0.5 மி.கி. தாண்டக் கூடாது. இந்தியாவில் 2016-ன் வாயு சிலிண்டர் விதிகள் நிரப்புவதற்கு உரிமம் கேட்கின்றன. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வெடிபொருள், வாயு சிலிண்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் பெசோ அலுவலகத்தில் உங்கள் நிலையைக் கேட்டுவிடுங்கள்.