யெஜி ஸ்டூர் திரையிடல் தொடர்: சேலத்தில் பார்க்க வேண்டிய ஒன்று

2024இல் மறைந்த போலந்து நடிகர் யெஜி ஸ்டூரின் படங்களைச் சேலத்தில் ஒரு சிறிய திரைப்படக் கழகம் வார இறுதிகளில் திரையிட்டு வருகிறது. பழம்பெரும் திரைப்பட நிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸ் இயங்கிய ஏற்காடு சாலைக்குப் பக்கத்திலேயே இது நடப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

படங்களைத் தேர்ந்தெடுத்த விதம் பாராட்டுக்குரியது. போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் ‘கேமரா பஃப்’ (1979) படத்தில், தன் குழந்தையைப் படமெடுப்பதற்காக 8 மி.மீ. கேமரா வாங்கும் தொழிலாளியாக வரும் ஸ்டூர், அந்த மோகத்தால் மனைவியை இழந்த பின், கேமராவைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிவைத்துப் பேசத் தொடங்கும் இறுதிக் காட்சியில், குரலை உயர்த்தாமலேயே நம்மை உலுக்கிவிடுகிறார். அதே இயக்குநரின் ‘டெகலாக்’ தொலைக்காட்சித் தொடரின் பத்தாம் பகுதியில், தந்தை விட்டுச்சென்ற தபால்தலைச் சேகரிப்பில் சிக்கிக்கொள்ளும் இரு சகோதரர்களுள் ஒருவராக அவரே சிரிக்கவும் வைக்கிறார். ‘ஷ்ரெக்’ அனிமேஷன் படத்தின் போலந்து வடிவத்தில் கழுதைக்குக் குரல் கொடுத்தவரும் இவர்தான்.

குறை என்றால், அவருடைய நாடக வாழ்க்கைக்கு உரிய இடம் தரப்படவில்லை. கிராகோவின் ஸ்டாரி நாடக அரங்கில் வளர்ந்து, ‘டபுள் பேஸ்’ என்ற தனிநபர் நாடகத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நடித்து, அந்நகர நாடகப் பள்ளியின் தலைவராகவும் விளங்கியவரைப் பற்றிக் கையேட்டில் இரண்டே வரிகள்தான் உள்ளன.

ஆங்கிலத் துணையுரை பின்வரிசைக்குத் தெளிவாகத் தெரிவதில்லை; சற்று முன்னதாகச் சென்று நடுவரிசையில் அமர்வது நல்லது. கட்டணம் குறைவு, ஒலி துல்லியம்.