என்.டி.எம் நுரையீரல் தொற்று: மருந்தை இப்போதே தொடங்குவதா, பொறுத்துப் பார்ப்பதா?

மாதக்கணக்கில் இருமல். சிபிநாட் பரிசோதனையில் டிபி இல்லை என்று வந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தால், சில வாரம் கழித்து சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'மைக்கோபாக்டீரியம் ஏவியம் காம்ப்ளெக்ஸ்' என்று வாயில் நுழையாத பெயர் ஒன்று வந்து நிற்கிறது. டாக்டர்கள் சுருக்கமாக மேக் என்பார்கள். மைக்கோபாக்டீரியம் குடும்பத்தில் டிபி, தொழுநோய்க் கிருமிகள் தவிர்த்த மற்றவற்றுக்குப் பொதுப்பெயர் என்.டி.எம். டிபி என்றால் யோசிக்க இடமே இல்லை, உறுதியானதும் மாத்திரைதான். இதில் ஒரு நெஞ்சு டாக்டர் "உடனே ஆரம்பிச்சிடலாம்" என்கிறார், இன்னொருவர் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்கிறார். இருவருமே விஷயம் தெரிந்தவர்களாக இருப்பதுதான் சங்கடம்.

எங்கள் அத்தைக்கு இப்படித்தான் ஆனது. சின்ன வயதில் டிபி வந்து ஆறிய நுரையீரல் அவருடையது. மூச்சுக்குழாய்கள் ஏற்கெனவே விரிந்து, சளி தேங்கும் நிலையில் இருந்தவை. நம் ஊரில் என்.டி.எம் வந்து தங்குவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

இரண்டு வழிகளையும் எடைபோடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது நோயா, அல்லது சும்மா வந்து போன கிருமியா? இவை மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் ஷவரின் உள்ளே படியும் வழவழப்பிலும் இருப்பவை. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய பிசிஜி ஆய்வில் தடுப்பூசி நுரையீரல் டிபியைத் தடுக்கவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றே, அந்த வட்டாரத்து மக்களுக்கு இந்தச் சுற்றுப்புறக் கிருமிகளோடு முன்பிருந்தே இருந்த பழக்கம்தான். ஆகவே ஒரு தடவை சளியில் வளர்ந்தது என்பதால் யாரும் பதற வேண்டாம். தனித்தனியாக எடுத்த இரண்டு சளி மாதிரிகளிலாவது அதே கிருமி வளர வேண்டும், அல்லது பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டுப் பார்ப்பது) வழியே எடுத்த நீரில் ஒரு முறை வளர வேண்டும். கூடவே தொந்தரவுகளும் இருக்க வேண்டும், சிடி ஸ்கேனிலும் அதற்கேற்ற மாற்றம் தெரிய வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் நோய். மேக் பொதுவாக ஆளுக்கு ஆள் பரவுவதில்லை என்பதால், பொறுத்துப் பார்ப்பதால் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு ஆபத்தும் இல்லை.

இனி, உடனே தொடங்கும் வழி. அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மற்றும் தொற்றுநோய் மருத்துவ அமைப்புகள் நான்கு சேர்ந்து 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி இந்தப் பக்கம்தான் சாய்கிறது: நோய் என்று உறுதியானவர்களுக்குப் பொறுத்திருப்பதைவிட மருந்தைத் தொடங்குவது மேல், குறிப்பாக சளி ஸ்மியரிலேயே (சளியை நேரடியாக மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) கிருமி தெரிந்தாலோ நுரையீரலில் குழி விழுந்திருந்தாலோ. ஆனால் இதற்கான ஆதாரம் மிகவும் பலவீனமானது என்பதையும் அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டு டாக்டர்களும் ஒரே வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரெதிராகப் பேச முடிவது இதனால்தான்.

மருந்து என்றால் ஒன்றல்ல, மூன்று: அஸித்ரோமைசின், ரிஃபாம்பிசின், எத்தாம்புட்டால். குழி இல்லாத, சிறு முடிச்சுகள் மட்டும் உள்ள நோய்க்கு வாரத்தில் மூன்று நாள் போதும். குழி இருந்தால் தினமும், கூடவே முதல் இரண்டு மூன்று மாதம் அமிக்காசின் ஊசி. எவ்வளவு காலம் என்பதைத்தான் பெரும்பாலும் தவறாகக் காதில் வாங்குகிறார்கள். 'ஒரு வருஷம்' என்பது தொடங்கிய நாளிலிருந்து அல்ல. கல்ச்சர் நெகட்டிவ் ஆன பிறகு 12 மாதம். நெகட்டிவ் ஆகவே ஐந்து மாதம் பிடித்தால் மொத்தம் 17 மாதம்.

அந்தக் காலத்தை உடம்பு தாங்குமா என்பதுதான் இந்த வழியின் உண்மையான விலை. ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். பார்த்தால் பயமாக இருக்குமே தவிர அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அது கல்லீரலைச் சீண்டும், சில சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளின் வேகத்தையும் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரினின் வேகத்தையும் குறைத்துவிடும். வயதானவர்கள் தங்கள் மாத்திரை டப்பாவை அப்படியே டாக்டர் முன்னால் கொட்டிக் காட்டுவது நல்லது. அஸித்ரோமைசினால் வயிற்றுப்போக்கு வரலாம், காதில் இரைச்சல் கேட்கலாம், ஈசிஜியில் மாற்றம் தெரியலாம். அமிக்காசினால் போகும் செவித்திறன் பெரும்பாலும் திரும்பாது. எத்தாம்புட்டால் கண் நரம்பைத் தொடக்கூடியது. முதலில் சிவப்பும் பச்சையும் மங்கும். கண் பிரிவில் புள்ளிப்புள்ளியாக எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டிச் சோதிப்பார்கள். அடுத்த சோதனை வரை சும்மா இருக்காமல், அத்தை நாளிதழின் ராசிபலன் பக்கத்தைக் கை தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் படிப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டார். மங்கினால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. பலன் எப்படி இருந்தாலும் எழுத்து தெரிந்தால் சரி.

இவ்வளவுக்கும் கிடைப்பது என்ன? மேக் தொற்றில் மருந்தை முழுதாக எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு சளி நெகட்டிவ் ஆகிறது, இருமலும் களைப்பும் குறைகின்றன, குழி பெரிதாவது நிற்கிறது. ஆனால் முடித்தவர்களில் ஒரு பகுதியினருக்குத் திரும்பவும் வருகிறது. பல சமயம் அது பழையதன் மிச்சமாக இல்லாமல் புதிதாக ஒட்டிய கிருமியாகவே இருக்கிறது. மூச்சுக்குழாய் மாறவில்லை, குழாய்த் தண்ணீரும் மாறவில்லை அல்லவா.

அடுத்தது பொறுத்துப் பார்க்கும் வழி. இதைக் கேட்டதும் அத்தை பொரிந்து தள்ளினார்.

"டாக்டர், பூச்சி இருக்குன்னு தெரிஞ்சும் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

"சும்மா இருக்கச் சொல்லலம்மா. காலையும் சாயங்காலமும் நெபுலைசர் வைங்க, சளியை வெளிய எடுங்க. மாசா மாசம் எடை பாருங்க. ரெண்டு கிலோ குறைஞ்சா அடுத்த தேதிக்குக் காத்திருக்காம வாங்க."

அந்தப் பதிலில் முழு வழியும் இருக்கிறது. 3 சதவீத உப்புநீரை நெபுலைசரில் இழுத்து, பிறகு ஊதினால் அதிரும் சின்னக் கருவியை ஊதி, மூச்சுப் பயிற்சியோடு சளியைக் கிளப்பித் துப்புவது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சளி கல்ச்சர். டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடி சிடி. சாப்பாட்டில் பருப்பு, முட்டை. குழி இல்லாமல், எடை நிலையாக, இருமல் லேசாக இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. அவர்களில் சிலருக்கு மருந்தே இல்லாமல் சளி நெகட்டிவ் ஆகிவிடுவதும் உண்டு.

என் பார்வையில் இந்த வழி தோற்பது பெரும்பாலும் மருத்துவத்தால் அல்ல. 'பொறுத்துப் பார்க்கலாம்' என்று டாக்டர் சொன்னது வீடு வந்து சேர்வதற்குள் 'ஒண்ணும் இல்லையாம்' என்று ஆகிவிடுகிறது. அப்புறம் நெபுலைசர் அலமாரிக்குப் போகிறது, அடுத்த சிடி கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் நடுவில் காணாமல் போகிறது. திரும்பி வரும்போது குழி விழுந்திருக்கும். ஒழுங்காகப் போய்வர முடியாத குடும்பம் என்றால் அதை டாக்டரிடமே சொல்லிவிடலாம், அதுவும் முடிவில் ஒரு கணக்குதான். அத்தை கொஞ்ச காலம் இந்த வழியில்தான் இருந்தார். எடை இறங்கவும் வாரம் மூன்று நாள் மருந்துக்கு மாறினார்.

இரண்டுக்கும் நடுவில் யாரும் பெயர் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று நடைமுறையில் இருக்கிறது: அரைகுறை மருந்து. இருமலுக்கு என்று அஸித்ரோமைசினை மட்டும் மாதக்கணக்கில் விழுங்குவது, அல்லது மூன்று மருந்தையும் தொடங்கி இருமல் குறைந்ததும் நிறுத்திவிடுவது. இதைவிட எதுவும் செய்யாமல் இருப்பது எவ்வளவோ மேல் என்பேன். அஸித்ரோமைசினைத் தனியாகக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். மேக் தொற்றில் அந்த மருந்துதான் முதுகெலும்பு, அது போனால் பிறகு குணமாவது மிகவும் கடினம். விரிந்த மூச்சுக்குழாய்க்காக அஸித்ரோமைசினை நீண்ட நாள் எழுதும் முன் சளியில் என்.டி.எம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகவே.

கிருமி எது என்பதும் தராசைச் சாய்க்கும். மேக் அல்லாமல் கான்சாசி என்ற என்.டி.எம் வகை என்றால், மருந்தைத் தொடங்க நான் தயங்கவே மாட்டேன். அது மருந்துக்கு நன்றாகக் கேட்கும். அப்செசஸ் என்ற வகை என்றால் நேர்மாறு: நரம்பு வழி மருந்துகள், நீண்ட சிகிச்சை, அப்படியும் நிச்சயம் இல்லாத பலன். அதைக் கையாண்ட பழக்கமுள்ள நிபுணர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

மேக் விஷயத்தில் என் சாய்வு இது: குழி இருந்தாலோ, ஸ்மியரிலேயே கிருமி தெரிந்தாலோ, எடை இறங்கிக்கொண்டிருந்தாலோ, ரத்தம் துப்பினாலோ தொடங்கிவிடலாம். இவை எதுவும் இல்லையென்றால் முதலில் சளியை வெளியேற்றும் பழக்கத்தை உறுதியாக்கிக்கொண்டு, இரண்டாவது சிடியைப் பார்த்து முடிவெடுக்கலாம். கண், காது, ஈசிஜி, கல்லீரல் பரிசோதனைகளை மருந்துக்கு முன்பே எடுத்துவைக்க வேண்டும். பின்னால் ஒரு மாற்றம் தெரிந்தால் ஒப்பிட அதுதான் அடிப்படை. பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த தட்டையும் தேடி எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. முடிச்சு வளர்ந்ததா, அப்படியே இருக்கிறதா என்பதை டாக்டர் படத்தோடு படத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.