நகராத கோப்புக்குப் புகாரா, ஆர்டிஐயா?

டெல்லி ஆர்.கே.புரத்தில் நம்மவர்கள் இருவர் சேர்ந்தால், பேச்சு கடைசியில் நகராத கோப்பில்தான் வந்து நிற்கும். மத்திய அரசு அலுவலகம் என்றால் இரண்டு வழி: சிபிகிராம்ஸ் என்ற அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார், அல்லது ஆர்டிஐ எனும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு.

செலவு: சிபிகிராம்ஸ் இணையப் புகாருக்குக் காசில்லை. ஆர்டிஐ மனுவுக்கு 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய்.
கெடு: புகாருக்கு 21 நாள், ஆர்டிஐக்கு 30.

பதிலில்தான் விஷயமே இருக்கிறது. அப்பாவின் ஓய்வூதியப் புகாரை, 'உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அப்புறம் ஆர்டிஐயில் கோப்புக் குறிப்புகளின் நகல் கேட்டோம். பச்சை மையில் ஒரு கையெழுத்து. அதற்குப் பிறகு நான்கு மாதம் ஒன்றுமே இல்லை. எந்த மேசையில் தூங்கியது என்று தெரிந்தது. 'ஏன்' என்று கேட்காதீர்கள், நகல் கேளுங்கள்.

வெறும் தாமதம் என்றால் புகார் போதும். யார் பொறுப்பு என்று தெரிய வேண்டுமா, ஆர்டிஐதான்.