மொட்டைமாடிக்கு அடித்த கூல் ரூஃப் பெயிண்ட்: ஒரு கோடை கழிந்தபின்

வெயிலைத் திருப்பி அனுப்பி வீட்டுச் சூட்டைக் குறைக்க மொட்டைமாடியில் அடிக்கும் வெள்ளைப் பூச்சுதான் கூல் ரூஃப் பெயிண்ட். அதனால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உண்டு. ஆனால் மாடியைச் சரியாகத் தயார் செய்து அடித்தால்தான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எம்.சி. ரோடு கடைகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பது என் தொழில். பகல் முழுவதும் மெஷினும் இஸ்திரிப் பெட்டியும்தான். தலைக்கு மேலே பழைய சிவப்புத் தட்டோடு. பகலில் குடித்த வெயிலை அது இரவு வெகுநேரம் வரை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறி அந்த அனலைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும்.

600 சதுர அடிக்கு பெயிண்டும் கூலியுமாக 15,000 ரூபாய் ஆனது. கம்பிப் பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்து, கழுவிக் காயவிட்டு, விரிசல்களை அடைத்து, பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு கோட். வேலைக்கு வந்தவர் பாசியோடு சேர்த்தே அடித்துவிடப் பார்த்தார். பெயிண்டில் தண்ணீரையும் தாராளமாக ஊற்றினார். நிறுத்தி, மறுபடி கழுவ வைத்தேன். நீங்களும் மாடியில் நின்றுகொண்டே வேலை வாங்குங்கள். கடையில் வெறும் வெள்ளை பெயிண்டை நீட்டினால் வாங்காதீர்கள். எஸ்.ஆர்.ஐ. எவ்வளவு என்று கேளுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும் திறனையும் வாங்கிய சூட்டை வெளியே விடும் திறனையும் சேர்த்துச் சொல்லும் எண் அது. நல்ல புதுப் பூச்சுக்கு 100-ஐ ஒட்டி இருக்கும்.

அக்னி நட்சத்திரத்திலும் மதியம் உட்கார்ந்து தைக்க முடிந்தது. படுக்கையறை ஏ.சி.யை இரவில் தாமதமாகத்தான் போடுகிறோம். கோடையில் மின்சாரச் செலவு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் கையைவிட்டுப் போயிருக்கும். கூடவே, 75 வாட் இழுத்த பழைய மின்விசிறியைக் கழற்றிவிட்டு 28 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி மாட்டியதும் கைகொடுத்தது.

குறைகளும் உண்டு. மேற்குச் சுவர் இப்போதும் கொதிக்கிறது. புழுக்கத்துக்கு இந்தப் பெயிண்ட் மருந்தல்ல. துறைமுகத்து லாரிகள் ஓயாமல் போகும் ஊரில் வெள்ளை சீக்கிரமே சாம்பலாகிறது. அழுக்கு ஏற ஏறப் பலன் குறையும் என்பதால், மாதம் ஒருமுறையாவது கழுவிவிட வேண்டும்.

இந்த வேலை நடந்ததே வீட்டுக்கார அம்மா பாதிச் செலவை ஏற்றுக்கொண்டதால்தான். எல்லா இடத்திலும் இது நடக்காது. மாடி ஒருவருடையது, கரண்டு பில்லும் வெக்கையும் வேறொருவருடையது. வாடகைதாரர் இன்னொருவர் வீட்டில் ஏன் பணம் போட வேண்டும்? வீட்டுக்காரருக்கோ அதனால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. இந்த முடிச்சை அரசுதான் அவிழ்க்க முடியும். 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசின் மின்சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின் இணைப்புள்ள வணிகக் கட்டடங்களுக்கானது. வீடுகளுக்காக 2018-இல் வந்த தொகுப்பும் புதிதாகக் கட்டுபவர்களைத்தான் பார்க்கிறது. தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் நெருக்கியடித்து நிற்கும் பழைய வீடுகளுக்கு யார் இருக்கிறார்கள்? தெலங்கானா 2023-இலேயே ஐந்தாண்டுக்கான கூல் ரூஃப் கொள்கையை அறிவித்துவிட்டது.

நம் மாநகராட்சி ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் முப்பது நாளுக்குள் சொத்து வரி கட்டுபவர்களுக்கு 5 சதவீதம் ஊக்கத்தொகை தருகிறது. பழைய மாடிக்குக் கூல் ரூஃப் பெயிண்ட் அடித்தவர்களுக்கும் அப்படி ஒன்று தரட்டும். அடுத்த தெரு வீட்டுக்காரர் எங்கள் மாடியைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, "வரியில் ஏதாவது குறைப்பார்களா அம்மா?" என்றுதான்.